நாணமும் மௌனமும்

தாம்பத்திய உறவின்போது தனக்கு உண்டாகும் நோவை மணமான முஸ்லிம் பெண்ணொருத்தி யாரிடம் கூறுவாள்? தாயிடம் கூற வெட்கம். கணவனிடம் கூற அச்சம். வைத்தியரிடம் கூறுவதோ குடும்ப மானத்தைச் சந்திக்கு இழுப்பதாகும். ஆதலின் அவள் மௌனம் காக்கின்றாள். அம்மௌனத்தை நாம் 'ஹயா', அதாவது நாணம், எனப் போற்றுகின்றோம். அது நாணந்தானா என்பதே ஈண்டு எழும் வினா.

நாணம் ஈமானின் ஒரு கிளை என்பதில் ஐயமில்லை. ஆயினும் மதீனாவில் உம்மு சுலைம் (ரலி), உறக்கத்திற் பெண்ணுக்கு நேரும் ஸ்கலிதம் பற்றி நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் நேரிலேயே வினவினார். உடனிருந்த உம்மு ஸலமா (ரலி) முகத்தை மூடிக்கொண்டார். மூடியவாறே அதுபற்றித் தாமும் ஒரு கேள்வி கேட்டார். நாணமும் கேள்வியும் ஒருவரிடத்தே ஒருங்கு நின்றமை நோக்கற்பாலது. நபிகளார் இருவர்க்கும் விடையளித்தார்கள்.

நிக்காஹ்வுக்குச் சம்மதம் கேட்கையில் கன்னியின் மௌனம் சம்மதமாகக் கொள்ளப்படும். வாய்திறந்து கூறக் கூசுவாளே என்னும் பரிவினால் வந்த சலுகை இது. ஒருநாட் சலுகையை வாழ்நாள் முழுமைக்கும் நீட்டியவர் நாமே. எமது நாட்டின் 1951ஆம் ஆண்டு முஸ்லிம் விவாகச் சட்டமோ மணமகளின் கையொப்பத்தைக்கூடக் கோரவில்லை.

கணவன் அழைக்க மறுப்பவளுக்கான எச்சரிக்கையைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி, தன் தேவை முடிந்ததும் விலகாது மனைவியின் தேவையும் நிறைவுறும்வரை கணவன் பொறுத்தல் வேண்டுமென 'இஹ்யா'வில் எழுதியதை எத்தனை மேடைகளிற் கேட்டோம்?

படுக்கையறை இரகசியத்தை வெளியிடல் கண்டிக்கப்பட்டதன்றோ எனச் சிலர் தடை கூறலாம். அக்கண்டனம் வீண்பேச்சுக்கும் பெருமையடித்தலுக்கும் உரியது. நோயின் நிமித்தம் உடலையே வைத்தியருக்குக் காட்ட இசைந்த சட்ட அறிஞர், நோவைச் சொல்லால் உணர்த்துவதைத் தடுப்பரோ? பாலூட்டும் மாதங்களில் நேரும் வறட்சி, தொற்று, அச்சத்தால் இறுகும் இடுப்புத் தசை, கருப்பையின் உட்படலத்தை ஒத்த இழையம் அதற்கு வெளியே வளரும் நோய் என நோவுக்குக் காரணங்கள் பல. அவற்றுட் பெரும்பாலானவை சிகிச்சைக்கு இணங்குவன. பெயரறியாதவள் அதனைத் தன் விதி என்கிறாள். மறுத்தாற் பாவமாகுமோ என்றும் நடுங்குகின்றாள்.

இன்னுமொன்று. மனைவி கூறாமைக்கு அவளது நாணத்தைக் காரணங் காட்டுகின்றோம். கணவன் கேளாமைக்கு யாம் இதுவரை ஒரு பெயரும் இட்டிலோம். பிரசவத்தின்பின் வீடுதேடி வரும் குடும்பநல உத்தியோகத்தரிடம் குழந்தையின் நிறையை வினவும் அவன், அதே திண்ணையில், மனைவியின் உடல் தேறிவிட்டதா என்றும் வினவலாம்.