சிறைக்குப் போனவர் கையில் சிறைச்சாவி

ராஜபாளையத்தில் பி.எஸ். குமாரசுவாமி ராஜாவைப் பற்றிப் பேச்செடுத்தால் முதலில் வருவது வீட்டுக் கதைதான். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்த மனிதர், குடியிருந்த வீட்டைக் காந்தி கலை மன்றத்துக்கு எழுதிக் கொடுத்தார். உடைமை துறத்தல் என்று காந்தி சொன்னதை இவ்வளவு நேராகச் செய்து காட்டிய ஆட்சியாளர்கள் அதிகம் இல்லை.

சேலம் சிறைக் கதை ஊரில் அவ்வளவாக அடிபடுவதில்லை. 1950 பிப்ரவரி 11 அன்று அங்கே கம்யூனிஸ்ட் கைதிகள்மீது நடந்த துப்பாக்கிச் சூட்டில் 22 பேர் செத்தார்கள். சட்டமறுப்பில் சிறை சென்ற அதே குமாரசுவாமி ராஜாதான் அப்போது முதல்வர்.

இதை வெறும் முரண் என்று சொல்லிக் கடந்துவிடலாம். ஆனால் சிக்கல் ஆளிடம் மட்டும் இல்லை, அறத்திலேயே இருக்கிறது. சட்டத்தை மீறு, தண்டனையை விரும்பி ஏற்றுக்கொள் என்கிறது சத்தியாகிரகம். அது ஆளப்படுகிறவனுக்கான தர்மம். தண்டிக்கும் இடத்தில் உட்கார்ந்தவன் என்ன செய்வது? அரசு என்பதே திரண்ட வன்முறை என்று கருதிய காந்தி, கொல்லப்படுவதற்கு முதல் நாள், காங்கிரஸைக் கலைத்து லோக் சேவக் சங்கமாக்கும் வரைவை எழுதினார். தொண்டர்கள் பதவிக்குப் போனார்கள்.

அரசின் பக்கத்திலும் நியாயம் உண்டு. தெலங்கானாவில் கம்யூனிஸ்டுகளின் ஆயுதப் போராட்டம் நடந்துகொண்டிருந்தது. 1949 செப்டம்பரில் சென்னை மாகாணம் கம்யூனிஸ்ட் கட்சியைத் தடை செய்தது. ஆனால் பூட்டப்பட்ட கொட்டடிக்குள் இருப்பவனிடம் அந்த நியாயம் எவ்வளவு தூரம் செல்லும்?

ஏ.கே. கோபாலனைப் பாருங்கள். உப்புச் சத்தியாகிரகத்தில் சிறை சென்ற பழைய காங்கிரஸ்காரர், குருவாயூர்க் கோயில் நுழைவுக்குப் போராடியவர், பிறகு கம்யூனிஸ்ட் ஆனவர். அவரையும் இதே அரசு விசாரணையின்றி அடைத்து வைத்தது. 1950 மே மாதம் உச்ச நீதிமன்றம் அந்தக் காவல் செல்லும் என்றது. அதே மாதம் அதே நீதிமன்றம், ரொமேஷ் தாப்பரின் ‘கிராஸ்ரோட்ஸ்’ இதழுக்குச் சென்னை அரசு போட்ட தடையை ரத்து செய்தது.

துறவு ஒருவனுடைய ஆசைக்குத்தான் பதில் சொல்லும். கையெழுத்திட்ட உத்தரவுக்கும், தன் ஆட்சியில் சுடப்பட்ட குண்டுக்கும் அது ஈடாகாது. வீட்டைக் கொடுத்த கை சுத்தமானதுதான்; சேலத்துக்கான கணக்கு வேறு.

1952 தேர்தலில் ஸ்ரீவில்லிபுத்தூர்த் தொகுதி குமாரசுவாமி ராஜாவைத் தோற்கடித்தது. இரண்டு ஆண்டு கழித்து ஒரிசா ஆளுநரானார், 1957இல் மறைந்தார். கோபாலன் அதே 1952இல் கண்ணூரிலிருந்து மக்களவைக்குப் போனார்.