ஈசாக்கு மறுபடியும் தோண்டிய கிணறுகள்

(மே 15, புனித இசிதோர் திருநாள் மறையுரை)



இன்று உழவர்களின் பாதுகாவலரான புனித இசிதோரின் திருநாள். ஸ்பெயின் நாட்டு மாட்ரிட் நகருக்குப் பக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் காலமெல்லாம் ஏர் ஓட்டிய கூலிக்காரர் அவர். தமக்கென்று ஒரு காணி நிலம் இல்லாதவர். 1622 மார்ச் 12 அன்று அவருக்குப் புனிதர் பட்டம் அளிக்கப்பட்டது. அதே நாளில் பட்டம் பெற்ற இன்னொருவர் நம் புனித சவேரியார். இந்த முத்துக்குளித்துறைக் கரை நெடுக நடந்து நம் முன்னோருக்கு நற்செய்தி சொன்னவர். ஒரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால், மறுபக்கம் கடல் என்று வாழும் ஆத்தூர் மக்களுக்கு, வயலுக்கு ஒருவரும் கடலுக்கு ஒருவருமாகத் திருச்சபை ஒரே நாளில் இரண்டு பேரைத் தந்திருக்கிறது. இதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை.

தொடக்க நூல் 26ஆம் அதிகாரத்தைப் பாருங்கள். பஞ்ச காலத்தில் ஈசாக்கு கெராரில் குடியேறி, அங்கே விதைத்து, நூறு மடங்கு அறுத்தார். பெலிஸ்தியருக்குப் பொறாமை வந்தது. அவருடைய தந்தை ஆபிரகாமின் ஆட்கள் தோண்டிய கிணறுகளையெல்லாம் மண்ணைப் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். ஈசாக்கு என்ன செய்தார்? ஊரைத் திட்டிக்கொண்டு உட்காரவில்லை. தந்தையின் கிணறுகளை மறுபடியும் தோண்டினார். தந்தை வைத்த பெயர்களையே அவற்றுக்கு வைத்தார். புதுக் கிணற்றில் ஊற்று கண்டபோது, அந்தத் தண்ணீர் எங்களுடையது என்று கெராரின் ஆயர்கள் சண்டைக்கு வந்தார்கள். விட்டுவிட்டு அடுத்ததைத் தோண்டினார். அதற்கும் சண்டை. மூன்றாவது கிணற்றில்தான் சண்டையில்லாமல் தண்ணீர் குடிக்க முடிந்தது.

இந்தக் கதை கடைமடைக்காரர்களான நமக்கு நன்றாகவே புரியும். பொதிகையில் பிறக்கும் தாமிரபரணி எட்டு அணைக்கட்டுகளைத் தாண்டித்தான் நம்மிடம் வருகிறது. கடைசி அணை ஸ்ரீவைகுண்டம். அங்கிருந்து வடகால் ஒரு பக்கமும் தென்கால் ஒரு பக்கமும் பிரிந்து ஏறத்தாழ 25,000 ஏக்கருக்குப் பாய வேண்டும். குடிநீருக்கும் ஆலைகளுக்கும் இதே ஆறுதான். தென்காலில் குளம் குளமாக நிறைந்து வருகிற தண்ணீர் ஆத்தூர் வயலைத் தொடும்போது மடை வாயில் கணுக்கால் அளவுதான் மிஞ்சுகிறது. மேலே இருப்பவர்கள் எடுத்துக்கொள்கிறார்கள் என்கிற உங்கள் வருத்தம் நியாயமானது. அதைக் கேட்க வேண்டிய இடத்தில் கேட்பதும் நியாயமானது. 2010இல் நல்லகண்ணு ஐயா நீதிமன்றத்துக்குப் போனதால்தான் தாமிரபரணியில் மணல் அள்ள மதுரை உயர்நீதிமன்றக் கிளை தடை விதித்தது. ஸ்ரீவைகுண்டம் அணையைத் தூர்வாரும் வேலையும் 2015இல் பசுமைத் தீர்ப்பாயத்தின் கதவைத் தட்டிய பிறகுதான் தொடங்கியது. நீதி கேட்பதும் செபத்தின் ஒரு பகுதிதான்.

ஆனால் இன்று நான் கேட்க வந்த கேள்வி வேறு. ஈசாக்கின் கிணற்றைத் தூர்த்தவர்கள் பெலிஸ்தியர். நம் வாய்க்காலைத் தூர்த்தது யார்?

கரையில் போய் நின்று பாருங்கள். தண்ணீர் தெரியாதபடி அமலைச்செடி படர்ந்து கிடக்கிறது. அதன் நடுவே பிளாஸ்டிக் பை, வீட்டுக் குப்பை, இறைச்சிக் கழிவு. கரை மேட்டில் உடைமரம். வாய்க்கால் புறம்போக்கில் ஆண்டுக்கு ஒரு முழமாக நகர்ந்து வந்திருக்கும் வேலி. இதையெல்லாம் வெளியூர்க்காரர் யாரும் வந்து செய்யவில்லை.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. அந்தத் தண்ணீரைத் தாங்கும் குளம் எங்கேயும் இல்லை. அதற்காக யாரும் தங்களையே நொந்துகொள்ள வேண்டாம். ஆனால் மழை விட்ட பிறகும் கொடிக்காலில் நாள் கணக்காகத் தண்ணீர் நின்றதே, அது வடிகால் அடைபட்டதால் நின்றது. வெற்றிலைக் கொடிக்கு வேரில் ஈரம் வேண்டும், தண்ணீர் தேங்கவே கூடாது. வேர் அழுகினால் அகத்தியில் ஏறி நிற்கும் கொடி அப்படியே துவண்டு கறுத்துப் போகும். புவிசார் குறியீடு வாங்கி ஊர் பெயரை நாடெங்கும் கொண்டுபோன வெற்றிலை, அதே ஆண்டுக் கடைசியில் சேற்றில் கிடந்தது. வெள்ளத்தில் நம்மை மூழ்கடித்ததும், கோடையில் நம்மைக் காயவைப்பதும் தூர்ந்து கிடக்கும் அதே குளமும் வாய்க்காலும்தான்.

மண்ணைப் பற்றியும் சொல்ல வேண்டும். கொற்கை ஒரு காலத்தில் பாண்டியரின் துறைமுகம். இன்று கடலிலிருந்து சில கிலோமீட்டர் உள்ளே இருக்கிறது. ஆறு கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கடலைத் தள்ளி இந்த நிலத்தை உண்டாக்கியது. நாம் உழுகிற மண் பொதிகை மலையிலிருந்து நடந்து வந்த மண். நிலம் என்னுடையது, நீங்கள் என்னிடம் தங்கியிருக்கும் அந்நியர்கள் என்ற பொருளில் லேவியர் நூல் 25ஆம் அதிகாரத்தில் ஆண்டவர் பேசுகிறார். பட்டா நம் பெயரில் இருக்கலாம். மண் அவருடையது.

அந்த மண்ணில் இப்போது உப்பு ஏறுகிறது. கடற்கரை நிலத்தில் நன்னீர், உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. நன்னீர் மட்டம் ஓர் அடி இறங்கினால், கீழே இருக்கும் உப்புநீர் ஏறத்தாழ 40 அடி மேலேறி வரும். போர் போட்டு இராப்பகலாக மோட்டார் ஓட்டும்போது நாம் இழுப்பது நம் கிணற்றை மட்டுமல்ல, பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் கிணற்றையும்தான். ஆற்று மணல் போனால் ஆற்றின் தரை தாழும். தரை தாழ்ந்தால் கடல் புன்னைக்காயல் முகத்துவாரம் வழியே இன்னும் உள்ளே வரும். இலை ஓரம் கருகுவதைக் கண்டால் உரக்கடைக்கு ஓடாதீர்கள். முதலில் மண்ணையும் தண்ணீரையும் எடுத்துக்கொண்டு கிள்ளிகுளம் வேளாண்மைக் கல்லூரிக்குப் போய்க் கேளுங்கள். நெல்லுக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுங்கள். உவர் மண்ணிலும் அது வளரும். வட்டாட்சியர் அனுமதியோடு குளத்துக் கரம்பையைக் கட்டணமில்லாமல் எடுக்கலாம். அதைக் கொடிக்காலில் போட்டால் நிலத்துக்கு எரு, குளத்துக்கு ஆழம். நம் தாத்தாமார் மாட்டு வண்டியில் செய்த வேலை இது.

கடைமடை என்று நம்மைச் சொல்லிக்கொள்கிறோம். நமக்கும் கீழே ஒரு மடை இருக்கிறது. புன்னைக்காயல் மீனவச் சகோதரர்கள் நம் வயல் வடிந்த தண்ணீரில்தான் வலை வீசுகிறார்கள். நாம் அளவுக்கு மீறித் தெளிக்கும் மருந்து முகத்துவாரத்து இறால் குஞ்சுக்குப் போய்ச் சேர்கிறது. மேலே இருப்பவரிடம் நாம் கேட்கும் நீதியை அவர்கள் நம்மிடம் கேட்டால் என்ன சொல்வோம்? ஏழையின் கூக்குரலும் பூமியின் கூக்குரலும் ஒன்றே என்பதைத்தான் திருத்தந்தை பிரான்சிஸ் 2015இல் ‘இறைவா உமக்கே புகழ்’ திருமடலில் நம் மனதில் பதிய வைத்தார்.

பெயேர்செபாவுக்கு வந்த ஈசாக்கு முதலில் பலிபீடம் கட்டினார். பிறகு கூடாரம் அடித்தார். அப்புறம் அவருடைய வேலையாட்கள் கிணறு தோண்டினார்கள். முன்பு அவரைத் துரத்திய அபிமெலக்கு அங்கேதான் சமாதானம் பேச வந்தான். உடன்படிக்கை முடிந்த அன்றே தண்ணீர் கண்ட செய்தியும் வந்தது.

நம் பலிபீடம் இதோ இருக்கிறது. வருகிற சனிக்கிழமை விடியற்காலைத் திருப்பலி முடிந்ததும் வாய்க்காலில் இறங்குகிறோம். ஊர்ப் பெரியவர்களிடமும் மற்றச் சமயத்தாரிடமும் பேசியாயிற்று, அவர்களும் வருகிறார்கள். மண்வெட்டி, அரிவாள், கடப்பாரை என்று கையில் கிடைத்ததைக் கோயிலுக்கே கொண்டு வாருங்கள், மந்திரித்துத் தருகிறேன். வேலியை உள்ளே நகர்த்தியவர்கள் அதற்கு முன்னால் தாங்களாகவே பிடுங்கி வைத்துவிடுங்கள். பெண்கள் கஞ்சிக்கு ஏற்பாடு செய்வதாகச் சொன்னார்கள். அந்த வேலையில் இளைஞர்களும் கை கொடுக்க வேண்டும். ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் திறந்தால், முதல் தண்ணீரைக் கடைசி வயலுக்கு விடுவது என்று நம் மடைக்குள்ளேயாவது இந்த ஆண்டு பேசி முடிவு செய்வோம்.

இப்போது எழுந்து நின்று நம் விசுவாசத்தை அறிக்கையிடுவோம்.