விருந்தாளி எத்தனை காலம்?

விருதுநகர் அருகே குல்லூர்சந்தை முகாமில் வாழும் இலங்கைத் தமிழர்களுக்கு அரசு மாதந்தோறும் பணக்கொடையும் ரேஷன் அரிசியும் தருகிறது. 2021இல் 'அகதிகள் முகாம்' என்ற பெயரும் 'மறுவாழ்வு முகாம்' ஆயிற்று. குடியுரிமைதான் எட்டவில்லை. 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. 2019 குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இலங்கை இல்லை. 1987 ஜூலை 1 முதல், பெற்றோரில் ஒருவராவது இந்தியராக இல்லாவிட்டால் இங்கே பிறந்ததும் கணக்கில் வராது. ஆக, இங்கேயே பிறந்து, படித்து, பெயின்ட் அடிக்கப் போகும் முப்பது வயதுக்காரரும் சட்டத்துக்கு அயலார்.

விருந்தோம்பலுக்குத் தனி அதிகாரமே வகுத்தவர் வள்ளுவர். ஆனால் விருந்து, படைப்பவரின் மனத்தைப் பொறுத்தது; மனம் மாறினால் இலையை எடுத்துவிடலாம். இந்தியா தர்மசாலை அல்ல என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்ற அமர்வு ஒன்று வாய்மொழியாகச் சொன்னது. உண்மைதான், சத்திரத்தில் தங்குபவர் மறுநாள் கிளம்பிவிடுவார், நாற்பதாண்டு இருப்பவரை அந்தக் கணக்கில் எப்படிச் சேர்ப்பது? உயிர் வாழும் உரிமை குடிமகன் அல்லாதவருக்கும் உண்டென்று 1996இல் சக்மா அகதிகள் வழக்கில் சொன்னதும் அதே நீதிமன்றம்தான்.

முகாமில் இருப்பவர்களுக்கு உரிமை கேட்டால், பட்டாசு ஆலையில் உயிரைப் பணயம் வைக்கும் நம் ஆட்களுக்கே நாதியில்லையே என்பார்கள். நியாயமான கோபம். ஆனால் குடியுரிமை இன்றிப் பேரம் பேச வழியற்ற ஒருவர் குறைந்த கூலிக்குத் தலையாட்டும்போது, பக்கத்தில் நிற்கும் உள்ளூர்க்காரரின் கூலியும் சேர்ந்தே இறங்குகிறது.