வழியில் நின்றார்க்கு உதவுதல்



2005-ஆம் ஆண்டு ஜூலை 26 அன்று மும்பை சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பொழிந்தது. மித்தி ஆறு கரைபுரண்டது. எஞ்சினுள் நீர் புகுந்து ஊர்திகள் நடுவழியில் நின்றன. பூட்டிய கார்களுக்குள்ளேயே மாண்டவரும் உண்டு. அன்றிரவு முன்பின் அறியாதாரைத் தம் இல்லத்துள் ஏற்றுத் தேநீரும் உணவும் அளித்தோர் பலர். தம் குடிசையே நீரில் நின்ற ஏழையரும் அவருள் இருந்தனர்.

1927-இல் மகாத் நகரின் சவ்தார் குளத்து நீரை அருந்தியதற்காக ஒடுக்கப்பட்ட மக்கள் தாக்கப்பட்டனர். "நீர் மறுத்தவர்க்கு நாம் ஏன் நீர் தரவேண்டும்?" எனச் சிலர் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் தாகம் சாதி அறியாது. அவர்கள் செய்ததையே நாமும் செய்வோமாயின், 1956-இல் நாகபுரியில் அண்ணல் அம்பேத்கர் துறந்த உயர்வு தாழ்வை மீண்டும் நம் தோளில் ஏற்றியவராவோம்.

அசோகப் பேரரசர் வழிகளில் கிணறு தோண்டி மரம் நட்டதைக் கல்லிற் பொறித்தார். மனிதர்க்கும் விலங்குக்கும் என்றாரேயன்றி, இன்ன குலத்தார்க்கு என்றாரல்லர்.

கருணையோடு அறிவும் வேண்டும். நீர் புகுந்த எஞ்சினை மீண்டும் முடுக்க விடாதீர்கள். முதலில் ஆளை இறக்குங்கள். கதவு திறவாவிடின் முன்கண்ணாடியை விடுத்துப் பக்கக் கண்ணாடியின் மூலையை உடையுங்கள். குழந்தைகளையும் முதியோரையும் முன்னதாக மேட்டிற் சேருங்கள். கூலியோ நன்றியோ கருதாதீர்கள். கருதினால் அது தானமன்று, வாணிகம்.

தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் நாம் மழைக்காலந்தோறும் வீட்டில் ஒரு கயிறும் விளக்கும் ஆயத்தமாக வைப்போம். வழியில் நின்றவர் நம் வாயிலைத் தட்டும்வரை காத்திராமல் நாமே அவரை நாடிச் செல்வோம்.

நமோ புத்தாய!