முகமறியாச் சேய்க்கு ஆடைத் தானம்



பத்துப் பாரமிதைகளுள் முதலாவதாக எண்ணப்படுவது தானம். உணவும் உடையும் இருப்பிடமும் எல்லா உயிர்க்கும் அளித்தலே அறம் என்பது மணிமேகலைக் காப்பியத்தின் துணிபு. இவற்றுள் அன்னதானத்தை வைகாசிப் பௌர்ணமியில் நம்மவர் மறவாது செய்கின்றனர். உடைத் தானத்தைக் குறித்து, அதிலும் கம்பளி நூலைத் தம் கையாற் பின்னி ஏழைக் குழந்தைகட்கு ஈயும் தொண்டினைக் குறித்து, இன்று சிந்திப்போமாக.

2016ஆம் ஆண்டு சனவரி 31ஆம் நாள் சென்னையில் 'மதர் இந்தியாஸ் குரோஷே குயின்ஸ்' என்னும் குழுவினர், பல கைகள் பின்னிய போர்வைகளை ஒன்றாய் இணைத்து, 11,148.5 சதுர மீட்டர் பரப்புள்ள ஒரே போர்வையாக்கிக் கின்னஸ் ஏட்டில் இடம் பெற்றனர். பின்னர் அது வறியவர்க்கு ஆகும்படி மீண்டும் சிறு போர்வைகளாகப் பிரிக்கப்பட்டது. சாதனை ஒரு நாளைக்கு உரியது; குளிரோ ஆண்டுதோறும் வருவது. பெங்களூரிலும் கோலார் தங்கவயலிலும் மார்கழி விடியலின் குளிரை நம்மவர் நன்கறிவர். எடை குறைந்து பிறந்த சிசுவுக்குத் தோலின் அடியிற் கொழுப்பு மிகக் குறைவு. உடலை நோக்கத் தலை பெரிது. ஆதலால் உடற்சூடு விரைந்து நீங்கும். தாயின் மார்பணைப்பே அதற்கு முதற் காப்பு. குல்லாயும் காலுறையும் அதற்குத் துணை.

மகாபிரஜாபதி கோதமியின் வரலாற்றை நினைவு கூர்வோம். மாயாதேவியார் மறைந்தபின் பகவன் புத்தரைப் பாலூட்டி வளர்த்தவர் அவ்வம்மையார். தாமே நூற்றுத் தாமே நெய்த இரண்டு புத்தாடைகளை அவர் கபிலவஸ்துவிலே பகவன் முன் வைத்தார். பகவனோ, "இதனைச் சங்கத்துக்கு அளிப்பீராக" என்று மும்முறை மொழிந்தருளினார். வளர்த்த தாயின் அன்பினை அவர் மறுத்தாரல்லர். அதனை ஒரு முகத்தோடு நில்லாமல் அகலச் செய்தார். தம் பேரனுக்குப் பின்னுவது பாசம். முகமறியாத சேய்க்கு அதே கவனத்தோடு பின்னுவது மைத்திரி. பின்னும் கை அச்சேயின் குலத்தை வினவ வழியில்லை. அணியும் சேயும் பின்னியவர் குலத்தை வினவாது.

இங்கே நாம் விழித்திருக்க வேண்டிய இடம் ஒன்றுண்டு. சண்டாளர் என்று தள்ளப்பட்டோர்க்கு இறந்தோரின் உடையையே ஆடையாக விதித்தது மனுநூல். பகவனின் பிக்குகளோ குப்பைமேட்டிலும் சுடுகாட்டிலும் கிடந்த துணியைத் தாமே எடுத்துத் துவைத்துத் தைத்துச் சாயமேற்றி உடுத்தனர். மன்னரும் அச்சீவரத்தை வணங்கினர். ஆகவே இழிவு கந்தலில் இல்லை. பிறரைப் பார்த்து "உனக்கு இது போதும்" என்று கருதும் மனத்திலேதான் உள்ளது. நாமும் ஏழைக் குழந்தைதானே என்று, கண்ணி நழுவிய பின்னலையும் உறுத்தும் நூலையும் ஈவோமாயின், நாம் துறந்து வந்த அவ்வெண்ணத்தையே பௌத்தர் என்னும் பெயரோடு சுமப்பவராவோம். ஒரு கண்ணி நழுவினால் அதன் கீழுள்ள கண்ணிகளும் அவிழ்வதை நாம் கண்டிருக்கின்றோம். அதனைத் திரும்ப எடுத்துக் கோப்பதும் சீலமே.

இது பெண்டிர்க்கே உரிய வேலை என்று ஆடவர் ஒதுங்குதல் தகாது. அனுருத்தரின் சீவரம் தைக்கப்பட்டபோது மகாகாசியபரும் சாரிபுத்தரும் ஆனந்தரும் அமர்ந்து தைத்தனர் என்றும், பகவன் தாமே ஊசியில் நூல் கோத்தருளினார் என்றும் தம்மபத உரை கூறுகின்றது.

இனிச் செய்முறை. மருத்துவமனைச் செவிலியரையோ, குழந்தைகள் இல்லத்துப் பொறுப்பாளரையோ முதலிற் கேட்டு, வேண்டிய பொருளும் அளவும் அறிக. மெல்லியதும் அடிக்கடி துவைத்தாலும் கெடாததுமான நூலைத் தேர்க. பச்சிளங் குழந்தையின் ஆடையிற் பொத்தான், குஞ்சம், நீண்ட கயிறு, விரல் சிக்கும் பெருங்கண்ணி ஆகியவை வேண்டா. முடிந்தபின் துவைத்து உலர்த்திக் கொடுக்க. பெறும் குழந்தையை நிறுத்திப் படம் பிடித்தல் வேண்டவே வேண்டா.

ஈவதற்கு முன் மகிழ்ச்சி, ஈயும்போது தெளிவு, ஈந்தபின் நிறைவு ஆகிய மூன்றும் தானத்தின் அங்கங்கள் எனப் பகவன் போதித்தார். பணமாக ஈவோர்க்கு முன்னைய மகிழ்ச்சி பெரும்பாலும் நொடிப்பொழுதே; பின்னி ஈவோர்க்கோ அது பல நாள் நீடிக்கின்றது. வரிசை வரிசையாக ஊசி செல்லுந்தோறும் "இச்சேய் நலமாக இருக்கட்டும்" என்னும் எண்ணமும் உடன் செல்லுமாயின் அப்பின்னலே பாவனையாகும். உபாசக உபாசிகைகள் வீட்டுக்கொரு குல்லாயேனும் பின்னி, இக்குளிர்காலத்துக்குள் உரியவரிடம் சேர்ப்பார்களாக.

எல்லா உயிர்களும் இன்புற்றிருக்க! சாது! சாது! சாது!