ஒன்றுகூடலும் நினைவின் அறமும்

தாயகத்தில் வாழ்பவனுக்குப் பண்பாடு பெரும்பாலும் பழக்கமாகவே அமைந்துவிடுகின்றது. அவன் அதனைத் தெரிந்தெடுப்பதில்லை. புலம்பெயர்ந்தவனோ எதனைப் பேணுவது, எதனைக் கைவிடுவது என ஒவ்வொரு முறையும் தீர்மானிக்க வேண்டியவனாகின்றான். தெரிவு உள்ள இடத்திற் பொறுப்பும் உண்டு. ஆகவே புலம்பெயர்ந்தோரின் கொண்டாட்டம் அறவியல் ஆராய்ச்சிக்கும் உரிய பொருளாகின்றது.

1983ஆம் ஆண்டு யூலை இனவன்செயல்களின் பின்னர் ஈழத்தமிழர் பெருந்தொகையாகக் குடியேறிய நகரங்களுள் ஒன்று கனடாவின் ரொறன்ரோ. அங்கு ஊர்ச் சங்கங்களும் பழைய மாணவர் சங்கங்களும் கோடைகால வார இறுதிகளிற் பூங்காக்களில் ஒன்றுகூடல்களை நடத்துகின்றன. கிளித்தட்டு மறிக்கப்படுகின்றது, முட்டி உடைக்கப்படுகின்றது, கயிறிழுத்தலில் முதியோரும் பங்குகொள்கின்றனர். பெரும்பானையில் ஒடியற்கூழ் கொதிக்கின்றது. பனையோலைப் பிளா இருந்த இடத்திற் கடதாசிக் குவளை இருக்கின்றது.

இது போலியான பண்பாடு என்பர் சிலர். அவ்வாதம் வலுவற்றது. கூழிற் சேரும் மிளகாயும் மரவள்ளிக்கிழங்கும் அமெரிக்கக் கண்டத்தில் தோன்றியவை. ஐரோப்பியர் வருகையோடு நம் அடுக்களையை அடைந்தவை. வந்தவற்றை ஏற்று வளர்ந்த உணவு, குவளை மாறியதனாற் பொய்யாகிவிடாது.

உண்மையான வினா வேறிடத்தில் உள்ளது. ஊரில் ஒரே பானையிலிருந்து உண்ணும் உரிமை யாவர்க்கும் இருந்ததா? யாழ்ப்பாணத்துத் தேநீர்க் கடைகளில் ஒடுக்கப்பட்டோர்க்குத் தனிப் பேணியோ போத்தலோ வழங்கப்பட்ட காலம் இருந்தது. பொதுக் கிணறுகளும் அவர்க்கு மறுக்கப்பட்டன. பொது இடங்களிற் சாதித்தடை விதிப்பதை 1957ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கியது. எனினும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயிலினுட் செல்லும் உரிமைக்காக மக்கள் போராட வேண்டியிருந்தது. பூங்காவில் ஊரின் ஒற்றுமை புகழப்படும்பொழுது, அன்று விலக்கப்பட்டவனும் அவ்வரிசையில் நிற்றல் கூடும். ‘எங்கள் ஊர்’ என்னுஞ் சொல் அவனுக்கும் அயலவனுக்கும் ஒரே பொருளைத் தருவதில்லை.

விழாநாள் வழக்கு மன்றமன்று. மகிழ்ச்சியிடையே பழைய கொடுமைகளையெல்லாம் எடுத்துரைத்தல் வேண்டுமா என வினவலாம். வேண்டியதில்லை. ஆயின், சொல்லாது விடுதல் வேறு. இல்லையென்று சொல்லுதல் வேறு. முன்னது விழாவின் இயல்பு, பின்னது பொய். அங்குப் பிறந்த பிள்ளைக்கு அப்பூங்காவே ஊர். பெற்றோர் கூறுவதே வரலாறு. தானே கண்டறிய இயலாத ஒருவனிடம் பொய்யான நினைவை ஒப்படைப்பது அவனுக்குச் செய்யும் அநீதியாகும்.

பூங்காவில் யாரும் யாரையும் ‘நீ எந்தப் பகுதி?’ என்று வினவாது ஒரே பானைக் கூழைப் பருகுவாராயின், அது பழைய ஊரின் எச்சமன்று. அதனினும் உயர்ந்த புதிய ஆக்கமாகும். அதனைப் பழைய ஊருக்குரிய பெருமையாகக் காட்டாது, தாமே தேடிக்கொண்ட அறமாகப் பிள்ளைகட்குக் கூறுதலே நேர்மை. ஆனால், அதே சங்கத்தார் தம் மக்களின் திருமணப் பேச்சிற் பழைய வேலிகளையே நாடுவராயின், அந்த ஒரே பானை ஒருநாட் காட்சியாகவே முடியும்.