வாத்தியாரும் விடுதியும்

ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோவை ஒட்டிய ஊரொன்றில் பள்ளி வாத்தியார். இரண்டாம் உலகப் போரில் ஆர்க்டிக் கடலில் கப்பற்படையில் உழன்றவர். வீட்டில் பேசி வளர்ந்தது கேலிக் மொழி. ஆங்கிலம் பிறகுதான் வந்தது. பெயர் அலிஸ்டர் மக்லீன்.

1954-ல் ஒரு சிறுகதைப் போட்டியில் 100 பவுண்டு பரிசு வாங்கினார். அந்தக் கதையைப் பார்த்த காலின்ஸ் பதிப்பகம் நாவல் கேட்டது. பனிக்கடலில் விறைத்துச் சாகும் மாலுமிகளைப் பற்றிய ‘எச்.எம்.எஸ். யுலிசஸ்’ 1955-ல் வெளிவந்தது. ஆறே மாதத்தில் இரண்டரை லட்சம் பிரதிகள் விற்றன. பின்னால் வந்த ‘கன்ஸ் ஆஃப் நவரோன்’ கிரிகரி பெக் நடிப்பில் படமும் ஆனது.

விற்பது பெயரா, கதையா? சந்தேகம் தீர, இயன் ஸ்டூவர்ட் என்ற புனைபெயரில் இரண்டு நாவல்கள் எழுதிப் பார்த்தார். அவையும் விற்றன!

இத்தனைக்கும் பிறகு, 1963-ல் பேனாவை மூடிவிட்டு ஓட்டல் நடத்தப் போனார். கார்ன்வாலில் அவர் வாங்கிய ‘ஜமைக்கா இன்’, டாஃப்னி டு மாரியர் நாவலால் ஏற்கெனவே பேர்பெற்ற விடுதி. கல்லாப்பெட்டி வாழ்க்கை அவருக்குச் சரிப்படவில்லை. சில ஆண்டுகளில் எழுத்து மேசைக்கே திரும்பினார். ‘வேர் ஈகிள்ஸ் டேர்’ நாவலும் படமும் அதன்பின் வந்தவைதான்.

அந்தப் படத்தின் நாயகன் ரிச்சர்ட் பர்ட்டன் சுவிட்சர்லாந்தின் செலினி கிராமத்தில் அடக்கம் செய்யப்பட்டவர். 1987-ல் இறந்த மக்லீனின் கல்லறையும் அதே மயானத்தில் இருக்கிறது.